வலைப்பதிவுக்கு ஒரு கணக்குக் கொப்பி

எழுதிக் கொடுப்பதற்குக் காசு கேட்பது எங்கள் ஊரில் இன்னும் கூச்சப்படும் காரியம்தான். கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்கு முற்பணம் கட்டுகிறார்கள். பந்தல்காரருக்குக் கட்டுகிறார்கள், லவுட்ஸ்பீக்கர்காரருக்கும் கட்டுகிறார்கள். அந்த நோட்டீஸில் வருகிற வசனங்களை இருந்து யோசித்து எழுதிக் கொடுத்த வாத்தியாருக்கு நன்றி சொல்வதோடு சரி. மட்டக்களப்பு நகரில் ஒரு அச்சகத்தில் பல வருடம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவள் நான். கல்யாண அழைப்பிதழ், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டு (இறந்தவரின் நினைவுப் புத்தகம்), ரியூசன் விளம்பரம் எல்லாம் என் கையால் போயிருக்கின்றன. பக்கத்துக்கு இவ்வளவு, நிறத்துக்கு இவ்வளவு, அவசரமென்றால் இவ்வளவு என்று அங்கே சுவரில் விலை தொங்கும். வசனம் எழுதுவதற்கு விலை போட்டு நான் பார்த்ததில்லை.

இதை நான் ஆழமாக யோசிக்கத் தொடங்கியது, வலைப்பதிவு எழுதுவோருக்காக எங்கள் நகரில் நடந்த ஒருநாள் மாநாட்டுக்குப் போன பிறகு. வலைப்பதிவைத் தொழிலாகச் செய்வது எப்படி என்பதுதான் அன்றைய பொருள்.

என் தளம் அப்போது ஓரளவு காலூன்றியிருந்தது. கிழக்குக் கரைக்கு வருகிற தமிழ் ஆட்களுக்கான பயணத் தகவல்தான் அதில் இருப்பது. பாசிக்குடாவில் கடல் எந்த மாதங்களில் அடங்கிக் கிடக்கும், மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வருகிறவர்கள் எங்கே தங்கலாம், பொத்துவிலுக்குக் கடைசி பஸ் எப்போது என்ற மாதிரி விஷயங்கள். இருப்பதிலேயே அதிகம் வாசிக்கப்படுவது கதிர்காமப் பாதயாத்திரைப் பக்கம். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் புறப்படுகிறவர்கள் திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக உகந்தை முருகனிடம் வந்து சேர்ந்து, அங்கிருந்து குமண, யால காட்டுக்குள் இறங்குவார்கள். அந்தக் காட்டுப் பாதை வருடத்தில் சில நாட்கள்தான் திறந்திருக்கும். திறக்கிற திகதியை அறிவித்த அன்றே தமிழில் தெளிவாகப் போட்டுவிட்டால் லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் வந்து வாசிக்கிறார்கள். அதை நம்பி விமான டிக்கெட் எடுக்கிறார்கள், கந்தோரில் லீவு கேட்கிறார்கள். ஒரு திகதி பிழைத்தால் ஒரு குடும்பத்தின் வருடத் திட்டமே பிழைக்கும். அந்தப் பாரம் எனக்கு எப்போதும் இருந்தது. விளம்பரத்தால் வருகிற சின்னத் தொகையைத் தாண்டி அதற்கு ஒரு வருமானமும் இருக்கலாம் என்பதை மற்றவர்கள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

மாநாட்டுக்குக் கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி என்று பல பக்கத்தாலும் ஆட்கள் வந்திருந்தார்கள். ரீச்சர்மார், வங்கி ஊழியர், ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். பெண்கள் நான் எதிர்பார்த்ததை விட அதிகம். காலையில் நடந்தவை எல்லாம் தேடுபொறிக்கு ஏற்ற தலைப்பு, படத்தின் அளவைக் குறைப்பது, போனில் பக்கம் சட்டென்று திறக்க வைப்பது. தேவையானவைதான், ஆனால் வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம். பணத்தைப் பற்றிய அமர்வு அப்படி இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தன்னுடைய வருமானக் கணக்கை மறைக்காமல் திரையில் போட்டுக் காட்டினார். எங்கள் ஊர்களில் சம்பளத்தைக் கூட வெளியே சொல்ல மாட்டார்கள். மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது.

அவர் விளக்கியதில் முக்கியமானது இது. தளங்களில் விளம்பரம் போட்டு அந்தக் காசில் பங்கு தருகிற கூகுளின் அட்சென்ஸ் 2003இல் வந்தது. தமிழ்ப் பக்கங்களை அது ஏற்றுக்கொண்டது 2018 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் தமிழில் எழுதியவர்கள் எத்தனை ஆயிரம் வாசகரை வைத்திருந்தாலும் இந்த வழியால் முறையாக உழைக்க இடமில்லை. விளம்பரதாரர் கொடுப்பதில் ஏறத்தாழ 68 சதவீதம் தளக்காரருக்கு. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த ஒரு இரகசிய இலக்கம் தபாலில் வரும். 100 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள். (வீட்டிலக்கம் இல்லாத கிராமத்து முகவரி என்றால் தபால் கந்தோரில் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லி வையுங்கள். அந்தக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் எங்களுக்குள்ளேயே இருந்தார்கள்.) அதை விட எனக்கு முக்கியமாகப் பட்டது, ஒரே கட்டுரையை வாழைச்சேனையில் இருந்து ஒருவர் வாசித்தால் கிடைப்பதற்கும் ரொறன்ரோவில் இருந்து வாசித்தால் கிடைப்பதற்கும் இருக்கிற வித்தியாசம். வாசகர் இருக்கிற நாட்டில் அவர் கண்ணில் படுவதற்கு எத்தனை விளம்பரதாரர் போட்டி போடுகிறார்களோ அதை வைத்துத்தான் விலை ஏறும். அப்படிப் பார்த்தால் எங்கள் பக்கத்து வாசகருக்காகவே எழுதுகிற ஒருவர் விளம்பரத்தை மட்டும் நம்பி அடுப்பெரிக்க முடியாது. கசப்பாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவதுதான் நல்லது.

ஆனாலும் அந்தச் சின்னத் தொகையின் பெறுமதியை 2022இல் எல்லோரும் பார்த்தோம். அந்த வருடம் மார்ச்சில் ரூபாவைச் சந்தைப் போக்கில் விட்டபோது, 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. டொலரில் வருகிற காசு அதே அளவில்தான் வந்தது, ஆனால் கையில் ரூபாவாக மாறும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. எங்கள் வீட்டில் இதை ஒரு வேலையாகப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். "கரண்ட் போகப்போகுது மகள், எல்லாத்தையும் விட்டுட்டு லப்டொப்பச் சார்ஜில போடு" என்று அம்மா வந்து சொல்வா. அதுவரை "அந்தப் பெட்டிய மூடிட்டு வா" என்றுதான் சொல்லியிருக்கிறா.

பின்னேர அமர்வு ஒன்றோடு எனக்கு உடன்பாடில்லை. நாளுக்கு எத்தனை கட்டுரை போடலாம், செயற்கை நுண்ணறிவை வைத்து எப்படிப் பெருக்கலாம் என்று ஒருவர் ஆர்வமாகக் காட்டினார். பிள்ளைகள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் எழும்பி என் கருத்தைச் சொன்னேன். தேடலில் மேலே வருவதற்காகவே தொகையாகத் தயாரிக்கிற பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளில் தெளிவாகத் தடை செய்துவிட்டது. யார் எழுதினாலும், மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், அந்த விதி ஒன்றுதான். அதை விடுங்கள். கிழக்கு மாகாணத்தைப் பற்றித் தமிழில் இருக்கிற தகவலே கொஞ்சம். இருக்கிற கொஞ்சத்தைத் திருப்பித் திருப்பி அரைத்துப் போட்டால் புதிதாக ஒரு வரியும் சேராது. பஸ் நிலையத்துக்குப் போய், கொண்டக்டரிடம் கேட்டு, நேரம் மாறியிருக்கிறதா என்று பார்த்து எழுதுகிற ஒரு பக்கத்துக்கு இருக்கிற மதிப்பு வீட்டிலிருந்து பெருக்குகிற நூறு பக்கத்துக்கு வராது. தொழில் என்று பார்த்தாலும் அதுதான் கணக்கு. மற்றவரிடம் கிடைக்காத சரக்குத்தான் விலைபோகும்.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நடந்த கதைதான் என் தொழிலை மாற்றியது. பக்கத்தில் மருதமுனையில் கைத்தறிச் சாரி, சாரன் விற்கிற ஒரு அக்கா. குடும்பமே நெசவுக் குடும்பம். அவவுக்கு விளம்பரக் கணக்கில் எந்த ஆர்வமும் இல்லை.

"தங்கச்சி, எனக்குத் தேவை நல்ல நாலு படமும் நாலு வரித் தமிழும்தான். நூல் எது, சாயம் எது, எப்படிக் கழுவணும் எண்டு எழுதித் தர ஒரு ஆள் இல்ல. கொழும்புக் கடைக்காரன் கேக்கிறான், நான் எத அனுப்புறது?"

"எழுதித் தந்தா காசு தருவீங்களா அக்கா?"

"ஏன் தராம? தைக்கிறவனுக்குக் குடுக்கிறன், பெட்டி செய்யிறவனுக்குக் குடுக்கிறன். உங்களுக்கு மட்டும் ஏன் சும்மா?"

மேடையில் நாள் முழுக்கப் பேசியது வாசகரை எப்படிக் காசாக்குவது என்று. இந்த மேசையில்தான் காசு கொடுக்கத் தயாராக இருக்கிற ஒருவரை நான் பார்த்தேன். அவ வாங்க நினைத்தது என் வாசகரை இல்லை. என் கைவேலையை. இந்த இரண்டையும் பிரித்து வைத்தால் இரண்டுமே நின்று பிடிக்கும் என்று அன்றைக்கு விளங்கியது. வலைப்பதிவைத் தொழிலாக்குவது பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்வது இந்த ஒரு விஷயம்தான்.

அப்புறம் விலைப்பட்டியல் ஒன்று தயாரித்தேன். கடை, விடுதி, படகுச் சவாரி, உணவகம் போன்றவற்றுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விபரம் எழுதுவது, படம் எடுப்பது, கூகுள் மெப்பில் இடத்தையும் திறக்கும் நேரத்தையும் சரியாகப் பதிவது, மெனுவைத் தமிழில் அடித்துக் கொடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. அச்சகத்தில் பழகிய மாதிரி பாதி முற்பணம். இரண்டு தரம் திருத்தித் தருவேன், மூன்றாவது திருத்தத்துக்குக் காசு. ஒரு கணக்குக் கொப்பியில் இடப்பக்கம் தளத்தின் வரவு செலவு, வலப்பக்கம் இந்தச் சேவைகளின் வரவு செலவு. இரண்டையும் நான் கலப்பதே இல்லை.

இந்தப் பிரிப்பைச் சனத்துக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டமான வேலை. பாசிக்குடாப் பக்கம் சின்னதாக விடுதி நடத்துகிற ஒருவர் அழைத்தார். "தங்கச்சி, குடும்பத்தோட வந்து ரெண்டு நாள் தங்குங்க. சாப்பாடெல்லாம் நம்மட பொறுப்பு. நல்லா எழுதி விடுங்க."

"அண்ணன், தங்கினா நான் காசு தாறன். உங்கட விடுதிக்கு விபரம் எழுதி, படம் எடுத்து, மெப்பில போட்டுத் தாறன், அதுக்கு நீங்க காசு தாங்க. என்ர தளத்தில நான் எழுதுறது வேற. அங்க பாத்றூம் சரியில்ல எண்டா சரியில்ல எண்டுதான் எழுதுவன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவராகவே வேறு கணக்குக்கு வந்தார். முன்பதிவுத் தளங்கள் வழியாக வருகிற ஒவ்வொரு அறைக்கும் பெரும்பாலும் 15 சதவீதத்தை ஒட்டித் தரகு போகிறது. தமிழ்க் குடும்பங்கள் நேராக அவருடைய போனுக்கு எடுத்துப் பதிந்தால் அந்தக் காசு அவரிடமே நிற்கும். அப்படியென்றால் ஒழுங்கான விபரமும் படமும் மெப்பில் இருக்க வேண்டும். "சரி, முற்பணம் எவ்வளவு?" என்று கேட்டார். இன்றுவரை எனக்கு அவர் நல்ல வாடிக்கையாளர். அவருடைய விடுதியைப் பற்றி என் தளத்தில் ஒரு வரியும் இல்லை, அதையிட்டு அவருக்குக் கோபமும் இல்லை.

கட்டண விளம்பரக் கட்டுரை போடுவதே இல்லையா என்றால், போடுகிறேன், மிகக் குறைவாக. முதல் வரியிலேயே இது காசு வாங்கிப் போட்டது என்று எழுதுவேன். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009இலேயே வலைப்பதிவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டது. காசுக்குப் போட்ட இணைப்பு என்று காட்டுவதற்கென்றே தனிக் குறியீட்டைக் கூகுள் 2019இல் கொண்டுவந்தது. சட்டம் எங்கேயோ இருக்கட்டும், கோயிலடியில் என்னைக் கண்டு "நீங்க எழுதினதப் பாத்துத்தான் பிள்ளையளோட போனோம்" என்று சொல்கிற தாய்மாருக்கு முகம் கொடுக்க வேண்டுமே.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தளத்துக்குச் சொந்த இணைய முகவரி (டொமைன்) வாங்குங்கள். வியாபாரத்தை முழுக்க முகநூலில் வைத்திருக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அம்பாறையிலும் பிறகு கண்டியிலும் கலவரம் நடந்த 2018இல், மார்ச் மாதம் முகநூலும் வட்ஸ்அப்பும் ஒரு கிழமை அளவில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் எங்கள் நகரின் சீயோன் தேவாலயத்தில் குழந்தைகளை இழந்தோம். அந்த நாட்களிலும் சமூக ஊடகம் முடங்கியது. 2022 ஏப்ரலில் மறுபடியும், அது ஒரு நாளுக்குள் விடுபட்டது. இந்த மாதிரி நேரங்களில் வியாபாரம் யாருக்கும் மனதில் இராது, உண்மைதான். ஆனால் பாதை திறந்திருக்கிறதா, பஸ் ஓடுகிறதா என்று தேடுகிறவர்களுக்கு ஒரு இடம் திறந்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கிற டொமைன் கட்டணம் அவ்வளவு பெரிய தொகை இல்லை.

பதிவு வேலைகள் நினைத்ததை விட இலகு. கிராம சேவகரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். அந்தச் சான்றிதழை வைத்து வங்கியில் வியாபாரப் பெயரில் கணக்குத் திறந்தேன். கம்பனிகள் தனியாள் பெயருக்குக் காசோலை எழுதத் தயங்குவார்கள், இப்போது அந்தத் தயக்கம் இல்லை. வரி பற்றியும் பயப்படத் தேவையில்லை. 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக வருகிற சேவை வருமானத்துக்கு உச்ச வீதம் 15 சதவீதம். கொப்பி ஒழுங்காக இருந்தால் கணக்காளருக்கு ஒரு பின்னேர வேலைதான்.

இப்போது களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி எனக்குப் படம் எடுத்துத் தருகிறா. அன்றைய மாநாட்டில் பின் வரிசையில் இருந்த பிள்ளை. அவவுக்கு ஒவ்வொரு மாதமும் முதல் கிழமையில் காசு போய்விடும், வாடிக்கையாளர் எனக்குத் தந்தாலும் தராவிட்டாலும். அடுத்த ஆடிக்கு முன் பாதயாத்திரைப் பக்கத்தைப் புதுக்க வேண்டும். உகந்தையில் குடிதண்ணீர் எங்கே வைக்கிறார்கள், முதலுதவி எங்கே நிற்கிறது என்று நேரில் பார்த்து வர அவவும் அவவுடைய அண்ணனும் போகிறார்கள். பயணச் செலவுக்கான முற்பணத்தைக் கொப்பியின் இடப்பக்கத்தில் எழுதிவிட்டேன்.