14 நாளுக்கு மேல் தங்கக் கூடாதாம்

ஊருக்குள் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "டிபிசி வாசல்ல உங்க மச்சினரு டேரா போட்டிருந்தாரே, அது என்ன ஸ்கீமு? ஆதார் வேணுமா?" (டிபிசி என்றால் அரசாங்க நெல் கொள்முதல் நிலையம்.) ஸ்கீமும் இல்லை, ஆதாரும் வேண்டாம் என்றால் யாரும் நம்புவதாயில்லை. நான் மட்டும் கமுக்கமாக வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு மறைக்கிறேன் என்று டீக்கடையில் பேச்சாம். அதனால் எழுதியே தொலைக்கிறேன்.

மச்சினனை உங்களுக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தில் தவில்காரர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினவன். இப்போது கொலராடோவில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தால் பெட்டியில் பாதாம், சாக்லேட், அம்மாவின் முட்டிக்குத் தைலம் என்று ஒரு முறைமை உண்டு. இந்தத் தடவை பெட்டியைத் திறந்தால் கூடாரம். பளீரென்று ஆரஞ்சு நிறம். கூடவே அலுமினியக் குச்சிகள், நெற்றியில் மாட்டிக்கொள்ளும் விளக்கு, ஊதிப் பெரிதாக்கும் மெத்தை, குட்டியாக ஒரு பிளாஸ்டிக் கரண்டி. என் மனைவி அந்தக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் குழம்புக்குடா?" என்று கேட்டாள். அவன் சொன்னான். கரண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனவள், சோப்பு கரைகிற வரைக்கும் கை கழுவினாள்.

கரண்டி குழி தோண்டுவதற்கு. அங்கே தேசிய வனங்களில் இப்படித் தங்குகிறார்களாம். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது. அதற்கேற்ப குழாய் கிடையாது, கக்கூஸ் கிடையாது, குப்பைத்தொட்டியும் கிடையாது. மண்பாதையில் வண்டி போகிற மட்டும் போய், மலைக்காட்டுக்குள் தோதான இடம் பார்த்துக் கூடாரம் அடிக்க வேண்டியது. ஓடையோ ஏரியோ, தண்ணீர் எதுவானாலும் 200 அடி தள்ளித்தான் ஒதுங்க வேண்டும். குழி 6 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நெருப்பு மூட்டினால், கிளம்புவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றி, சாம்பலைத் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் நகரலாம். கொண்டுபோன குப்பையைக் கையோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான இடங்களில் 14 நாள்தான் கணக்கு. அதற்கு மேல் இருந்தால் வனக்காவலர் வந்து கிளப்பிவிடுவாராம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சோத்துக்கு?" என்றார்.

அதில்தான் அவன் முகம் வாடியது. 10,000 அடி உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தளபுளவென்று கொதிக்கும், ஆனால் அரிசி வேகாது. ஒருமுறை நம்மூர்ப் பொன்னி அரிசியை எடுத்துக்கொண்டு போய், கேஸ் தீர்கிற வரை வேகவைத்து, கடைசியில் நறுக் நறுக்கென்று மென்று தின்றிருக்கிறான். ராத்திரி முழுக்கக் கரடி பயத்தைவிட வயிற்றுவலி பயம் பெரிதாக இருந்ததாம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மத்தியானம் அவன் இலையில் விழுந்த சோறு மூன்று ஆள் சோறு.

இந்த அனுபவத்தை எங்களுக்கும் காட்டியே தீருவேன் என்று நின்றான். தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் தாலுகாவில் மலைக்கு எங்கே போவது? எங்களுக்குத் தெரிந்த மலை சுவாமிமலை. அதுவும் கட்டுமலை. 60 படி, தமிழ் வருஷத்துக்கு ஒன்று. பிரபவவில் காலை வைத்தால் அட்சயவில் முருகன் நிற்பார், மூச்சு வாங்குவதற்குள் மலை முடிந்துவிடும். அதைவிட உயரம் வேண்டுமென்றால் பெரிய கோவில் விமானம், 200 அடிக்கு மேல். அங்கே கூடாரம் அடிக்க விட மாட்டார்கள்.

பச்சமலைக்குப் போகலாம் என்றான். சித்தப்பாவின் மருமகனுக்கு வனத்துறையில் ஆள் தெரியும் என்பதால் போன் போட்டேன். (சித்தப்பாவின் மருமகனுக்கு ஆள் தெரியாத துறை என்று ஒன்று இன்னும் தொடங்கப்படவில்லை.) அவர் எடுத்த எடுப்பிலேயே, காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே கேஸ், இதில் ராத்தங்கல், நெருப்பு வேறயா என்று கத்தினார். அவர் கத்தியதிலும் நியாயம் இருக்கிறது; 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் கருகியதை யார் மறந்தார்கள். முறையாகப் போக வேண்டுமானால் 2024-இல் அரசாங்கமே 40 பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது, ஆன்லைனில் பதிந்து பணம் கட்டினால் வழிகாட்டியோடு கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்றார்.

"பணம் கட்டணுமா அத்தான்? இலவசம் இல்லையா?" என்றான் மச்சினன். டாலரில் சம்பளம் வாங்குகிறவன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

சரி, கொள்ளிடத்துப் படுகையில் போடுகிறேன் என்றான். அம்மா முதலை என்றார். அப்பா, "முதலையெல்லாம் அணைக்கரைப் பக்கம். இங்க தண்ணிக்குத்தான் பயப்படணும். மேல முக்கொம்புல திறந்துவிட்டா தண்டோரா போடுவான். இவன் காதுல அந்தக் குமிழை மாட்டிக்கிட்டுத் தூங்குனா கேக்குமா?" என்றார். தோப்பில் போடுகிறேன் என்றதற்குப் பாம்பு என்றாள் என் மனைவி. கொல்லைப்புறத்தில் போடுகிறேன் என்றதற்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள் அக்கா வீட்டில் இடமில்லாமல் வெளியே படுக்க வைத்துவிட்டார்கள் என்று பேசுவார்கள் என்றாள். அது பாம்பைவிடப் பெரிய காரணம்.

கடைசியில் அப்பாதான், "எங்கூட வா தம்பி, நானும் அப்படித்தான் படுத்துக் கெடக்கேன்" என்றார்.

உண்மை. இந்த வருடம் ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்து, குறுவை பொய்க்காமல் விளைந்தது. விளைந்ததுதான் வினை. எல்லாருக்கும் ஒரே வாரத்தில் மிஷின் அறுப்பு. எல்லார் நெல்லும் ஒரே டிபிசி வாசலில். களம் நிரம்பி, சாலை ஓரம் நிரம்பி, பிள்ளையார் கோவில் வாசலிலும் குவியல். ஒருநாள் சாக்கு இல்லை, ஒருநாள் லாரி இல்லை, சாக்கும் லாரியும் சேர்ந்து வந்த அன்றைக்கு மழை. நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஐப்பசி வானத்துக்கு அது தெரியாது. பகலில் பரப்பு, மேகம் திரண்டால் குவி, படுதாவைப் போடு, வெயில் வந்தால் படுதாவை எடு. அப்பா கயிற்றுக் கட்டிலைக் குவியலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே குடியிருந்தார். வீட்டுக்கு வருவது குளிக்கவும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும்தான்.

மச்சினன் போய் நாலு பக்கமும் பார்த்தான். குழாய் இல்லை. கக்கூஸ் இல்லை. கட்டணம் இல்லை, மேலே வானம். "அத்தான், இது அதேதான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். சுற்றிலும் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், நெல் எடை போட்டாகிவிட்டதாக்கும் என்று பொறாமையோடு பார்த்தார்கள்.

முதல் சிக்கல் 200 அடி. தண்ணீரிலிருந்து தள்ளிப் போக வேண்டும் என்று வாய்க்கால் கரையிலிருந்து அடி எண்ணிக்கொண்டே நடந்தான். நூறைத் தொடுவதற்குள் அடுத்த வாய்க்கால். திரும்பி வேறு பக்கம் நடந்தான், குளம். இன்னொரு பக்கம் குறுவைக்கு அடுத்த போகமான தாளடிக்கு நாற்றங்கால், கணுக்கால் தண்ணீர். டெல்டாவில் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி ஓர் இடம் வேண்டுமென்றால் பஸ் ஏறிப் புதுக்கோட்டைப் பக்கம்தான் போக வேண்டும். கரண்டியைக் கையில் பிடித்தபடி இருட்டில் அவன் அலைந்ததை அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மம்பட்டி வேணுமா?" என்று கேட்டார். பிறகு தன் சைக்கிளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

இரண்டாவது சிக்கல் கரடி. அதாவது கரடி இல்லாதது. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, வாசனைக்குக் கரடி வரும், மரத்தில் 12 அடி உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பது அவன் பாடம். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு, அதிரசம், புளியோதரை மூன்றையும் பைக்குள் போட்டு, கயிற்றில் கல் கட்டிப் புங்கமரக் கிளைக்கு மேலே வீசினான். முதல் கல் யாரோ ஒருவர் படுதாவில் விழுந்தது. ஒருவழியாகப் பை மேலே ஏறியது. வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என்ன வேண்டுதல்ப்பா?" என்றது. விடிந்து இறக்கினால், எறும்புகள் கயிறு வழியாக வரிசையாக இறங்கி, எங்கள் ஊர் டிபிசியில் நான் பார்த்தே இராத ஒழுங்கோடு ஆளுக்கொரு துணுக்காகக் கொள்முதல் செய்துகொண்டிருந்தன.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது: அந்த ஆரஞ்சு நிறம். ஒரு நெல் வாசலில் திடீரென்று பளபளவென்று ஒரு கூடாரமும், நெற்றியில் விளக்கு மாட்டிய ஒருத்தனும் இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? முதலில் வந்தவர் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினார். அடுத்தவர் பயிர்க் காப்பீட்டு அடங்கல் நகலோடு வந்தார். ஒருவர் கையில் நெல்லை அள்ளிவந்து, "சார், அந்த மீட்டர்ல 19 காட்டுது, உங்க மீட்டர்ல பாத்துச் சொல்லுங்க" என்றார். இவனும் சும்மா இல்லாமல் பணிவாக நெல்லைக் கையில் வாங்கி, விளக்கடியில் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றிருக்கிறான். அவ்வளவுதான். "சென்னையிலேர்ந்து வந்த ஆபீசர் நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு" என்று அவர் உள்ளே போய்ச் சண்டை போட, எங்களை விளக்கம் கேட்டு ஆள் வந்துவிட்டது.

ராத்திரி ஆளடங்கிய பிறகு பெரியவர்கள் கூடாரத்தைச் சுற்றி உட்கார்ந்து அமெரிக்கக் கதை கேட்டார்கள். 14 நாள் கணக்கைச் சொன்னதும்தான் கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"அதுக்கு மேல இருந்தா?"

"கவர்மெண்ட் ஆளே வந்து கிளப்பிவிட்டுடுவாங்க தாத்தா."

"அவங்களா வந்தா?"

"ஆமா."

"நெல்லோடயா?"

மச்சினனுக்குப் பதில் தெரியவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

விடிகாலை மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இன்னொரு படுதா கொண்டுவா என்று அப்பா போன். நான் டிவிஎஸ்-இல் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது கூடாரத்தின் மேல்துணியைக் காணோம். குச்சிகளும் கொசுவலையும் மட்டும் மழையில் நின்றன. எங்கள் குவியலுக்குப் பக்கத்துக் குவியல், மேலத்தெருவில் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற அந்த அம்மாவுடையது. அவர் தார்ப்பாய் நடுவில் கிழிந்து போனது. கிழிசலுக்கு மேலே ஆரஞ்சுத் துணி விரிந்திருந்தது. நாலு மூலைக்கும் கூடார ஆணி அடித்து, இழுத்துக் கட்டி, சொட்டுத் தண்ணீர் தேங்காமல் சரிவு வைத்திருந்தான். மலையில் கற்ற வித்தை. தரையில் விரிக்கும் துணி இன்னொரு ஓரத்துக்குப் போயிருந்தது. இவன் கட்டிலில், அப்பாவோடு ஒரே குடைக்குள், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊதிய மெத்தை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தூக்கு நிறைய டீ போட்டுக்கொண்டு வந்து, இவனுக்கு மட்டும் இரண்டு டம்ளர் ஊற்றினார்.

இது வரைக்கும் நல்ல கதை. பத்து மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். அந்த அம்மா நெல் 17. எங்கள் நெல் 18. அவருடையதை அன்றைக்கே 40 கிலோ சிப்பமாகப் பிடித்து எடை போட்டு ஏற்றிவிட்டார்கள். எங்கள் நெல்லை மறுபடி ரோட்டில் பரப்பினோம். "சொந்த அக்கா வீட்டு நெல்லை விட்டுட்டு ஊரான் நெல்லுக்குக் குடை புடிச்சிருக்கான் உன் தம்பி" என்று நான் வீட்டில் சும்மா விளையாட்டுக்குச் சொல்லப்போக, அன்று முழுக்க எனக்குச் சாம்பாரில் உப்பு இல்லை.

அப்பா ஆனால் அன்றிலிருந்து அந்தத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். விலை என்ன என்று கேட்டார். டாலரிலிருந்து ரூபாயாக்கி, ரூபாயிலிருந்து நெல்லாக்கி, "இருவத்தஞ்சு சிப்பமா!" என்று வாயைப் பிளந்தார். பிறகு உள்ளே தலையை விட்டுப் பார்த்து, "இதுக்குள்ள இருவத்தஞ்சு சிப்பம் அடங்காதே" என்றார்.

மச்சினன் கிளம்பும்போது கூடாரத்தை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது தாளடி அறுப்புக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மேலத்தெரு அம்மாவுக்கு முதல் உரிமை என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார், நம் நெல் எங்கே போகும் என்று கேட்டால் என்னை முறைக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவனைப் பிடித்து அரைமணி நேரம் விசாரணை. நூறு சிப்பத்துக்கு மேல் போர்த்துகிற அளவில் இந்தத் துணி கிடைக்குமா, ஆரஞ்சு இல்லாமல் பச்சையில் உண்டா, எலி கடித்தால் என்ன செய்வது. அவன் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கடைசிக் கேள்விக்கு மட்டும், அங்கே கரடிதான் மாமா, எலி பற்றிக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.