கையை எடு கண்ணு

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். நான் வாயைத் திறந்ததும் விளக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தவர், தமிழில் கேட்டார்: “உங்களுக்கு தர்மபுரி பக்கமா?” அவருக்குச் சொந்த ஊர் சேலமாம். பாலக்கோடு என்றேன். “அதான் பார்த்தேன்” என்றார். முன்பற்களில் குறுக்கே ஓடும் காவிக் கோடுகளை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பும்போது என் நினைவெல்லாம் நம் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. நம் முன்னாள் மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டதும் முதலில் மனதில் வந்ததும் அதேதான். பரிசு வாங்கியது, ஆண்டு விழாவில் ஆடியது பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் நம் வெள்ளிக்கிழமைகளைப் பற்றி எழுதுகிறேன்.

வெளியூரில் பிறந்த நம் பிள்ளைகளும் இந்த மலரைப் படிப்பார்கள். அதனால் பல் சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடிப் பாறையில் இருக்கும் ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்து வரும். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. மழை பொய்த்துக் கிணறு வற்ற வற்ற, போர் போட்டு இன்னும் ஆழத்திலிருந்து எடுத்துக் குடித்தோம். பல் ஈறுக்குள் உருவாகிற வயதில், அதாவது ஏழெட்டு வயது வரைக்கும், இந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் கெட்டுவிடும். முளைக்கும்போது சுண்ணாம்புத் திட்டு மாதிரி இருக்கும், போகப் போகக் காவி ஏறும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. செங்கல் பொடி போட்டு ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்த பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருந்தார்கள். குடிக்கிற தண்ணீர்தான் காரணம் என்று அந்த வயதில் எங்களுக்குத் தெரியாது. சோம்பேறிகள், பல் விளக்காதவர்கள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். நாங்களும் அதை நம்பினோம்.

நான் 1989 ஜூனில் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்தேன். அந்த வகுப்பில் யாருக்கும் கை வாய்க்குப் போகாது. சிரிப்பு வந்தால் வாய் கொள்ளாமல் சிரிப்போம். அப்புறம் பால் பல் ஒவ்வொன்றாக ஆடி விழும். சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்துவிட்டு, புதுப் பல் எப்போது வரும் என்று நாக்கால் தடவித் தடவிப் பார்ப்போம். வந்தது அந்தப் பல்தான். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒருத்தி விடாமல் எல்லாருக்கும் பேசும்போது கை வாய்க்குப் போகும் பழக்கம் வந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெரிய பிள்ளைகளைப் பார்த்தோம், அம்மாக்களைப் பார்த்தோம். அம்மாக்களுக்குக் கைக்குப் பதில் முந்தானை.

பெரிய டீச்சருக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. தலைமை ஆசிரியை என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, நமக்கு அவர் பெரிய டீச்சர்தான். வராண்டாவில் எதிரே வரும்போது வாயைப் பொத்திக்கொண்டு வணக்கம் சொன்னால் நின்றுவிடுவார். திட்ட மாட்டார். “கையை எடு கண்ணு. இப்பச் சொல்லு” என்பார். எடுத்துவிட்டுச் சொல்கிற வரைக்கும் நகர மாட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு மன்றக் கூட்டம். எல்லாப் பள்ளியிலும் இருந்ததுதான். ஆனால் பல இடங்களில் நன்றாகப் படிக்கிற நாலு பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதோடு முடிந்துவிடும். நம் பள்ளியில் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி கூப்பிடுவார்கள், எல்லாருக்கும் முறை வரும். அந்த வாரம் நீ கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும், புத்தகத்தில் இருப்பது கூடாது. எழுந்து முன்னால் போனதும் பெரிய டீச்சர் இரண்டு கையிலும் ஒவ்வொரு நெல்லிக்காய் வைப்பார். பேசி முடிக்கிற வரைக்கும் கீழே வைக்கக் கூடாது. கை இரண்டும் நிறைந்திருந்தால் எப்படி வாயைப் பொத்துவது? முடித்ததும் ஒன்றை நீ தின்னலாம், இன்னொன்றை யார் நன்றாகக் கேட்டார்களோ அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நெல்லி இல்லாத மாதங்களில் புளியங்காய். நாலு பேர் பேசி முடிப்பதற்குள் முன்வரிசையே எச்சில் ஊறி உட்கார்ந்திருக்கும்.

நெல்லிக்காய் ஏன் என்று முதல் வாரமே சொல்லிவிடுவார். தர்மபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த ஊர். அதோடு நிறுத்தமாட்டார். அந்த ஔவையைத்தான் அதியமான் தொண்டைமானிடம் தூது அனுப்பினான் என்பார். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். ஔவை பார்த்துவிட்டு, உங்கள் வேல்கள் மாலை போட்டு நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். கதையைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்பார்: “ராஜா முன்னாடி நின்னு ஒரு பொம்பளை சொன்னா. வாயைப் பொத்திக்கிட்டா சொன்னா?” இல்லை டீச்சர் என்று மொத்த வகுப்பும் கத்தும்.

ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் கிட்டத்தில் வைத்துச் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்திருந்தாள். முதல் இரண்டு வாரமும் வகுப்புக்கு முன்னால் வந்து, நெல்லிக்காயை இறுக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். மூன்றாவது வாரம் அவள் விரல் இடுக்கில் சாறு கசிந்தது, அவ்வளவு அழுத்தம். பெரிய டீச்சர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். “வீட்ல எப்படிப் பேசுவியோ அப்படியே சொல்லு.” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் “மேக” என்று தொடங்கினாள். அவர்கள் வீட்டு ஆடு குட்டி போட்ட கதை. எங்களுக்குப் பாதி புரிந்தது, பாதி அவள் முகத்தில் புரிந்தது. முதல் குட்டி மூச்சுவிடாமல் கிடந்ததும், அவள் பாட்டி அதன் மூக்கில் ஊதியதும், அது தும்மியதும். தும்மலை அவள் செய்து காட்டினாள், இரண்டு கையிலும் நெல்லிக்காயோடு. கன்னடம் பேசும் பிள்ளை பின்னாலிருந்து எழுந்து, “எங்க வீட்லயும் மேகெதான் டீச்சர்” என்றாள். உருது பேசும் பிள்ளைகள் “நாங்க பக்ரி” என்றார்கள். அன்றைக்கு நாங்கள் ஆட்டுக்கு மூன்று பெயர்கள் கற்றுக்கொண்டோம். இன்றைக்கும் செய்தித்தாளில் மேகேதாட்டு என்று பார்க்கும்போதெல்லாம், ஆடு தாண்டும் இடம் என்ற பொருள் தெரிந்து படிக்கிறவள் நான். அதற்கு அந்தப் பிள்ளைதான் காரணம். அவள் இரண்டாவது நெல்லிக்காயை எனக்குக் கொடுத்தாள். சூடாக இருந்தது.

மற்ற நாட்களைப் பற்றி நிறைய சொல்ல இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து, மத்தியானம் சத்துணவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டை போடும் நாளில் வருகை நூற்றுக்கு நூறு. அஞ்சாம் வகுப்பு அக்கா ஒவ்வொருத்தியும் ஒண்ணாம் வகுப்புப் பாப்பா ஒருத்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தலை சீவி விடுவது, தட்டுக் கழுவுவது, தூங்கினால் மடியில் போட்டுக்கொள்வது. தட்டுக் கழுவிய தண்ணீர் முருங்கைக்குப் போகும், முருங்கைக் கீரை சாம்பாருக்குப் போகும்.

அம்மாக்கள் கதையை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கொஞ்ச காலத்தில் நம் தெருவுக்கும் ஒரு குழு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். இடம் இல்லாததால் பெரிய டீச்சர் நம் மூன்றாம் வகுப்பு அறையைத் திறந்துவிட்டார். எங்கள் பலகைகளில் அம்மாக்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போடப் பழகினார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். என் அம்மா கணக்குச் சொல்லும்போது முந்தானை வாய்க்குப் போகும். பெரிய டீச்சர் அம்மாவை ஒன்றும் சொல்லமாட்டார், ஜன்னலில் நிற்கும் என்னைப் பார்ப்பார். பெண் பிறந்தால் முகம் சுளித்த வீடுகள் நம் மாவட்டத்தில் இருந்ததையும், பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் நம்மிடமும் வரவேண்டியிருந்ததையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட மண்ணில் வெள்ளிக்கிழமை மகளும் சனிக்கிழமை தாயும் ஒரே அறையில் எழுந்து நின்று பேசினார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

அஞ்சாம் வகுப்பில் என்னை வேறொரு ஊரில் நடந்த பேச்சுப் போட்டிக்கு அனுப்பினார்கள். நன்றாகத்தான் பேசினேன். கையைத் தூக்கவே இல்லை. முடிந்ததும் நடுவர்களில் ஒருவர் மைக்கிலேயே, “பேச்சு நல்லாயிருக்கு, அடுத்த தடவை பல்லு விளக்கிட்டு வா” என்றார். அரங்கம் சிரித்தது. பஸ்ஸில் ஊர் வரும்வரை கையை வாயிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என் முறை வந்தபோது எழுந்திருக்கவும் இல்லை.

பெரிய டீச்சர் வற்புறுத்தவில்லை. எனக்கு அடுத்த பேர் வாசித்தார். அடுத்தவள் எழுந்து போனாள். ஆடு கதை சொன்னாளே, அவள்தான். இப்போது தமிழ் சரளமாக வரும். “நான் எங்க தெருத் தண்ணியப் பத்திச் சொல்றேன்” என்றாள். மாரியம்மன் கோயில் பக்கத்துக் கைப்பம்பில் எடுக்கிறார்கள், அந்தத் தெருவில் எல்லாருக்கும் இதே பல், இப்போது வேறு ஊரிலிருந்து வந்த அவள் சித்திக்கு மட்டும் இல்லை என்றாள். அவளுக்கு அடுத்தவளும் தண்ணீரைப் பற்றியே பேசினாள். வரிசையாகப் பதினோரு பேர். யார் வீட்டில் எந்தத் தண்ணீர், எவ்வளவு ஆழம், அதைக் குடித்த தாத்தாவுக்கு முட்டி மடங்குகிறதா இல்லையா. யாரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொருத்தியும் முடித்துவிட்டு இரண்டாவது நெல்லிக்காயை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் அம்மாக்கள் கூட்டத்தில் அதையெல்லாம் வாசித்துக் காட்டினார்கள். என் அம்மா எழுந்தார். “எம்புள்ள தினம் ரெண்டு வேளை பல்லு விளக்குறா” என்றார். முந்தானை இடுப்பில் செருகியபடியே இருந்தது.

அவர்கள் மனு எழுதிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை தர்மபுரிக்குப் போய் கலெக்டர் ஆபீசில் கொடுத்தார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அம்மாக்கள் முறை வைத்து ஒரு தோட்டத்துத் திறந்த கிணற்றிலிருந்து தினம் நாலு குடம் பள்ளிக்குக் கொண்டு வந்தார்கள். போர் தண்ணீருக்கு அது தேவலை என்று பெரியவர்கள் சொன்னார்கள். எங்கள் பல் ஏற்கெனவே முடிந்த கதை. அந்தக் குடங்கள் ஒண்ணாம் வகுப்புப் பாப்பாக்களுக்காக. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடனுதவியோடு 2008ல் அடிக்கல் நாட்டி, 2013ல் காவிரித் தண்ணீர் வரத் தொடங்கியபோது நான் இங்கே இருந்தேன். அம்மா போனில் அழுதார்.

கடைசியாக நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை பேச்சுகளை எல்லாம் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்போம், நினைவிருக்கிறதா? காக்கி அட்டை, சணல் கட்டு. பள்ளிக் கட்டடம் மாற்றியபோது அதை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போனதாகக் கேள்வி. யாரிடம் இருந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடையாளம் சொல்கிறேன். பதினோரு பேர் தண்ணீரைப் பற்றிப் பேசியது என் கையெழுத்தில் இருக்கும், அங்கங்கே மை கரைந்திருக்கும். அதற்கு அடுத்த பக்கத்தில், எழுதத் தெரியாத பாப்பா ஒருத்தி தானும் பேசவேண்டும் என்று அடம்பிடித்து வரைந்த குடம் ஒன்று இருக்கும். பச்சை நிறக் குடம்.