பத்து ரிங்கிட் எங்கே போனது?

பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, சம்பளம் போடுவதற்காக நடப்புக் கணக்கு ஒன்று திறக்கச் சொன்னார்கள். செக் புத்தகமும் வந்தது. எட்டு வருடத்தில் நான் எழுதிய செக் மொத்தம் மூன்று. வேலையை விட்டு வீட்டில் டியூஷன் எடுக்கத் தொடங்கிய பிறகுதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 10 ரிங்கிட் பிடித்திருப்பது கண்ணில் பட்டது. சராசரி இருப்பு 1,000 ரிங்கிட்டுக்குக் கீழே போனால் அந்தக் கணக்கில் சேவைக் கட்டணமாம். சம்பளம் வந்துகொண்டிருந்தவரை அது தெரியவே இல்லை.

அம்மாவுக்கு வேறு பிரச்சினை. எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கும் ஏடிஎம் அவருடைய வங்கியுடையது அல்ல. கையில் நிறையப் பணம் வைத்துக்கொள்ளப் பயந்து, 50 ரிங்கிட்டாகத்தான் எடுப்பார். வேறு வங்கி ஏடிஎம் என்பதால் ஒவ்வொரு தடவையும் 1 ரிங்கிட் போகும். மாதத்துக்கு ஐந்தாறு தடவை. வயதானவர்கள் பணத்தில் இப்படிச் சிறுகச் சிறுகக் கரைவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

சரி, இரண்டையும் மாற்றிவிடலாம் என்று ஒரு காலையில் அம்மாவோடு வங்கிகள் இருக்கும் லெபோ பந்தாய் தெருவுக்குப் போனேன். ஏறிய முதல் இரண்டு வங்கிகளிலும் வட்டியைப் பற்றித்தான் பேசினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னிடம் நிற்கும் 800 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு கொடுத்தாலும் வருடத்துக்கு 8 ரிங்கிட்தான். கட்டணமாகப் போனதோ 20. மாதக் கடைசியில் தரை தட்டுகிற கணக்கில், எவ்வளவு வரும் என்பதைவிட எவ்வளவு பிடிப்பார்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது.

மூன்றாவது வங்கியில் கவுண்டரில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தார். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க அடிப்படை சேமிப்புக் கணக்குன்னு கேளுங்க. நம்ம மத்திய வங்கி, பேங்க் நெகாரா கொண்டுவந்த திட்டம். 20 ரிங்கிட் இருந்தா திறக்கலாம்" என்றார். கவுண்டரில் மாதத்துக்குக் குறிப்பிட்ட தடவைதான் இலவசம், டெபிட் கார்டுக்கு வருடத்துக்கு 8 ரிங்கிட் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கே அவரிடம் திறக்கலாம் என்று தோன்றியது.

அம்மா இஸ்லாமிய சேமிப்புக் கணக்குத் தாளைப் பார்த்து, "இது அவங்களுக்கு மட்டும்தானேம்மா?" என்று கேட்டார். யார் வேண்டுமானாலும் திறக்கலாமாம். அப்புறம் மெதுவாக, "பேங்க்கை மூடிட்டா?" என்றார். அப்பாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் மிச்சம் அவரிடம்தான் இருக்கிறது, கேட்கத்தான் செய்வார். உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் என்ற அரசு அமைப்பின் வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு, வழக்கமான கணக்குக்கும் இஸ்லாமியக் கணக்குக்கும் அது தனித்தனி என்று அந்தப் பிள்ளை விளக்கிய பிறகுதான் அம்மா மைகாட் அடையாள அட்டையை எடுத்தார். விரல் ரேகையும் வைத்தார்.

ஃபிளாட்டுக்குக் கீழே ஏடிஎம் வைத்திருப்பதும் அதே வங்கிதான். அதைப் பார்த்துத்தான் நான் அந்த வங்கியைப் பட்டியலில் வைத்திருந்தேன். இருவருக்கும் அடிப்படைக் கணக்கே போதும் என்று முடிவானது.

பழைய கணக்கை அன்றே மூடிவிடப் போனவளை அந்தப் பிள்ளைதான் தடுத்தார். பெற்றோர்கள் டியூஷன் கட்டணத்தை என் கைப்பேசி எண்ணுக்கு டுயிட்நவ் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக அனுப்புகிறார்கள். அந்த எண்ணை ஒரு நேரத்தில் ஒரு கணக்கோடுதான் இணைத்து வைக்க முடியும், அது இன்னும் பழைய கணக்கிலேயே இருந்தது. காப்புறுதிக்கு மாதாமாதம் தானாகப் பிடிப்பதும் அங்கிருந்துதான். எண்ணை முதலில் மாற்றினேன், காப்புறுதி நிறுவனத்துக்குப் புதிய கணக்கு எண்ணைக் கொடுத்தேன். அடுத்த மாதம் பன்னிரண்டு பிள்ளைகளின் கட்டணமும் புதுக் கணக்கில் விழுந்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, மிச்ச செக்குகளோடு போய்ப் பழையதை மூடினேன்.