சக்கரமில்லாத தீவுக்கு எட்டுச் சக்கரப் பெட்டி

"சும்மா இருக்கணும் அம்மணி. ஆறு நாள். ஒரு வேலையும் செய்யாம கடலைப் பார்த்துட்டு சும்மா இருக்கணும்."

மகளைக் காலேஜ் ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்த வருஷம், பிப்ரவரி மாச ராத்திரி ஒண்ணுல எங்க வீட்டுக்காரர் இப்படிச் சொன்னார். சொன்ன கையோட லேப்டாப்பைத் திறந்து எக்செல்ல ஒரு ஷீட் போட்டார். அதுக்குப் பேரு 'ரிலாக்ஸ் ஃபைனல்'. ஜூன் மாசத்துல அது 'ரிலாக்ஸ் ஃபைனல் 9' ஆகியிருந்தது.

அவர் ஒரு பம்ப் கம்பெனியில புரொடக்‌ஷன் பிளானிங் பார்க்கிறவர். வீட்டுல தோசை சுட்டாக்கூட ஒரு தோசைக்கு எத்தனை நிமிஷம்னு வாட்ச்சைப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷனுக்குச் சும்மா இருக்க ஆசை வந்தா, சும்மா இருக்கிறதுக்கும் ஷெட்யூல் வரும்னு எனக்கு முதல்லயே தோணியிருக்கணும்.

இடம் கிரேக்கம்னு அவரே முடிவு பண்ணிட்டார். சான்டோரினி வேண்டாம், அங்க திருப்பதி மாதிரி கூட்டம். சின்னத் தீவா, அமைதியா இருக்கணும். தேடித் தேடிக் கடைசியா ஹைட்ரான்னு ஒரு தீவைப் பிடிச்சார். ஏதென்ஸ் பக்கத்துல பிரேயஸ் துறைமுகம், அங்கிருந்து வேகப் படகுல ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். முக்கியமான விஷயம், அங்க கார் கிடையாது, பைக் கிடையாது, சைக்கிளுக்குக்கூட அனுமதி இல்லை. குப்பை வண்டி மாதிரி அத்தியாவசியத்துக்கு ஒண்ணு ரெண்டு வண்டிதான். மத்தபடி சாமான் தூக்கறது எல்லாம் கழுதையும் கோவேறு கழுதையும்.

"ஹாரன் சத்தமே கிடையாது அம்மணி!" காந்திபுரம் சிக்னல்ல தினம் நாற்பது நிமிஷம் நிக்கிறவருக்கு வேற என்ன வேணும்?

கனடாக்காரப் பாடகர் லியோனார்ட் கோஹன் அந்தத் தீவுல 1960ல 1,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினாராம். இதை ஏன் சொல்றேன்னா, நாங்க ஆறு ராத்திரி வாடகைக்குக் கொடுத்தது அதுல பாதிக்கு மேல.

முதல்ல ஆகஸ்ட்லதான் போறதா இருந்தது. சுதந்திர தினத்தை ஒட்டி லீவு சேர்ந்து வருதேன்னு. அப்புறம்தான் தெரிஞ்சது, ஆகஸ்ட் 15 அவங்களுக்கு மாதா திருநாள், பாதிக் கிரேக்கமே மூட்டை முடிச்சோட தீவுகளுக்குக் கிளம்பிடும்னு. அந்த வாரம் ரூம் வாடகையைப் பார்த்ததும் செப்டம்பர் கடைசிக்கு மாத்திட்டார்.

மாமியார்கிட்டச் சொன்னோம். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துல இருக்காங்க. போன்ல ரெண்டு நிமிஷம் பேச்சே இல்லை.

"ஏஞ்சாமி, சும்மா கெடக்கறதுக்கு அத்தனை தொலைவு போவோணுமா? இங்க வா. வேப்ப மரத்தடியில கயித்துக் கட்டலப் போடறேன். நீ பாட்டுக்குப் படுத்துக்க. நான் சோறு போடறேன். காசு கீசு ஒண்ணும் வேண்டாம்."

நியாயமான கேள்வி. யாருகிட்டயும் பதில் இல்லை.

அடுத்தது விசா. கிரேக்கம் மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வாங்கற ஷெங்கன் விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாம இன்சூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி, லீவு லெட்டர், போக வர டிக்கெட், தங்கற இடம். இதோட, ஒவ்வொரு நாளும் என்ன பண்ணப் போறீங்கன்னு நாள்வாரியா ஒரு பிளான். இவர் நேர்மையானவர். ஆறு நாளுக்கும் நேரா 'ஓய்வு' 'ஓய்வு'ன்னு அடிச்சுக் கொண்டுபோய் டிராவல்ஸ்காரர்கிட்டக் கொடுத்தார்.

அவர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு எங்களைப் பார்த்தார். "ஏனுங்க சார், ஆறு நாளும் ஓய்வுன்னு போட்டீங்கன்னா, அங்கயே ஓய்வெடுத்துக்கலாம்னு போறீங்களோன்னு நெனச்சுக்குவாங்கங்க. எதாச்சும் செய்யற மாதிரி எழுதுங்க சார்."

எங்க வீட்டுக்காரர் காத்துட்டிருந்ததே இதுக்குத்தான். கவர்மெண்டே கேக்குது, இனி யார் தடுக்கிறது? அன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் உக்காந்து அடிச்சார். காலையில நான் படிச்சுப் பார்த்தேன்.

நாள் 2. 6.50 முதல் 7.30 வரை: சூரிய உதயம், நிதானமாக. 7.30 முதல் 8.15: காபி. 8.15 முதல் 8.30: பஃபர். 11.00 முதல் 12.30: சும்மா இருத்தல். 12.30: சும்மா இருத்தல் முடிவு.

"இதென்னங்க, முடிவுன்னு தனியா ஒரு வரி?"

"இல்லைன்னா சாப்பாடு லேட்டாயிடும்ல?"

சென்னைக்கு ஒரு நடை போய்க் கைரேகை வெச்சுட்டு வந்தோம். விசா வந்தது. அந்தச் சந்தோஷத்துல அவர் ஒரு பெட்டி வாங்கினார். இந்தக் கதைக்கே வில்லன் அந்தப் பெட்டிதான். எட்டுச் சக்கரம். ஒத்தை விரலால தள்ளினா பரதநாட்டியம் ஆடும். ஹால்ல இருந்து பெட்ரூமுக்கும் பெட்ரூம்ல இருந்து ஹாலுக்கும் தள்ளித் தள்ளிக் காட்டினார். "பார்த்தியா, முதுகு வலியே வராது." வண்டியே ஓடாத ஊருக்கு எட்டுச் சக்கரத்தோட போறோமேன்னு எங்க ரெண்டு பேருக்குமே உறைக்கலை.

பெட்டிக்குள்ள போனது: துணி கொஞ்சம், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரெண்டு கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, அஞ்சு லிட்டர் குக்கர், ஒரு பிளாஸ்டிக் மக். மக் எதுக்குன்னு நம்மாளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடை 22.8 கிலோ. 200 கிராம் பாக்கி இருக்குன்னு மாமியார் ஒரு பொட்டலம் முறுக்கைச் சொருகிட்டாங்க.

ஏதென்ஸ் ஏர்போர்ட்ல இருந்து பிரேயஸுக்கு நேரா மெட்ரோ இருக்கு. நல்ல வசதி. ஆனா பிரேயஸ்னு பேரைப் பார்த்ததும் இறங்கிட்டோம். எங்க படகு நிக்கிற ஈ 8 கேட்டுக்கு அடுத்த ஸ்டேஷன்தான் கிட்டவாம். ஷீட்ல இது இல்லை. துறைமுகம் ஒரு ஊர் அளவுக்குப் பெருசு. வெயில்ல பெட்டியைத் தள்ளிட்டே போனோம். இதையும் சொல்லணும், அந்த நடையில மட்டும் எட்டுச் சக்கரமும் ஒழுங்கா வேலை செஞ்சது.

டிக்கெட் கவுண்டர்ல "ஹைட்ரா"ன்னு இவர் மூணு தடவை சொன்னார். அந்தப் பொண்ணு யோசிச்சுட்டு, "ஆ, ஈத்ரா!"ன்னுச்சு. கிரேக்கத்துல தண்ணிங்கிற வார்த்தையில இருந்து வந்த பேராம். இப்போ அந்தத் தீவுல தண்ணிதான் இல்லை, கடல் தண்ணியைச் சுத்திகரிச்சுத்தான் விடறாங்க. சிறுவாணி குடிச்சு வளர்ந்த எனக்கு முதல் வாய்லயே வித்தியாசம் தெரிஞ்சுடுச்சு.

படகோட மேல்தளத்துல, கம்பியைப் பிடிச்சுட்டு, காத்துல முடி பறக்க நிக்கிற போட்டோவுக்கு ஷீட்ல 25 நிமிஷம் ஒதுக்கியிருந்தது. வந்து நின்னது இறக்கை வெச்ச பறக்கும் படகு. உள்ள ஏறினா விமானம் மாதிரி வரிசையா சீட்டு, மூடின கண்ணாடி, அதுல உப்புத் தண்ணி காய்ஞ்ச கறை. வெளியில போய் நிக்க முடியாது. இருபத்தஞ்சு நிமிஷமும் வீணாப் போச்சேன்னு இவர் வாடிட்டார்.

தீவு வந்தது. அழகைப் பத்தி நான் சொல்லி ஆகப்போறதில்லை. பழைய கப்பல் முதலாளிங்களோட கல் வீடுகள் மலைச்சரிவுல வரிசை வரிசையா, காலரி வெச்ச சினிமா கொட்டாய் மாதிரி நம்மையே பார்த்துட்டு நிக்கும். எனக்கு அந்தக் காலரியைப் பார்த்ததும் வயித்தைக் கலக்குச்சு. எல்லா வீடும் மேலதானே இருக்கு?

வீட்டுக்காரம்மா மணிக்கூண்டுக்குக் கீழ காத்துட்டிருந்தாங்க. விளம்பரத்துல 'துறைமுகத்திலிருந்து 5 நிமிடம், அருமையான கடல் காட்சி'ன்னு போட்டிருந்தது. காட்சின்னா உசரம்னு நமக்குத்தான் புரியலை. 143 படி. எண்ணினது நான். வழவழன்னு தேய்ஞ்ச கல்லு வேற. பழனி மலைக்குக்கூட இழுவை ரயில் இருக்கு.

"கழுதைக்குச் சொல்லட்டுமா?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. இவருக்குக் கௌரவம். எட்டுச் சக்கரம் இருக்கும்போது கழுதை எதுக்கு? முதல் படியில பெட்டி இடிச்சது. ரெண்டாவது படியில ஒரு சக்கரம் கழண்டு, டக் டக்னு உருண்டு, துறைமுகத்துப் பூனை ஒண்ணோட காலடியில போய் நின்னது. அந்த ஊர்ல எங்க திரும்பினாலும் பூனை. அது அந்தச் சக்கரத்தை மோந்து பார்த்துட்டு, இவரை ஒரு பார்வை பார்த்துச்சே!

பதினேழாவது படியில கழுதைக்குச் சொல்லிட்டார்.

பெட்டி ஒரு பக்கம், வேற யாரோட சிமெண்ட் மூட்டையோ இன்னொரு பக்கம். ஏழு சக்கரமும் வானத்தைப் பார்த்து சுத்திட்டே போச்சு. உள்ள குக்கர் மூடி ஒவ்வொரு படிக்கும் 'டங்' 'டங்'னு தாளம் போட்டது. முன்னால போன கழுதையோட மணிச் சத்தமும் சேர்ந்து, ஏதோ சாமி ஊர்வலம் மாதிரி நாங்க பின்னாலயே போனோம். மூச்சு வாங்கிட்டு நான் நின்னப்போ, கழுதைக்காரர் திரும்பிப் பார்த்து "சிகா சிகா"ன்னார். மெதுவா மெதுவான்னு அர்த்தமாம். அந்த நாட்டுல காபி கேட்டாலும், பில் கேட்டாலும் அதான் பதில்.

வீட்டு பாத்ரூம்ல நாலு மொழியில ஒரு எச்சரிக்கை ஒட்டியிருந்தது. டாய்லெட்ல பேப்பர் போடாதீங்க, குழாய் அடைச்சுக்கும், கூடையில போடுங்கன்னு. கிரேக்கத்துல நிறைய இடத்துல இப்படித்தான், குழாய் அவ்வளவு சின்னது. வெள்ளைக்காரங்க இதுக்கு முகம் சுளிப்பாங்களாம். எங்க வீட்டுக்காரர் மக்கைக் கையில எடுத்துட்டு, ஒலிம்பிக் மெடல் வாங்கினவர் மாதிரி சிரிச்சார்.

அடுத்த நாள் விடியக் காலையில ஹாரன் இல்லாத அந்த அமைதியைக் கேக்கலாம்னு ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுப் படுத்திருந்தோம். முதல்ல சேவல். அப்புறம் கோயில் மணி. அப்புறம் கீழ இருந்து ஒரு கழுதை, அதுக்குப் பதில் சொல்ல மேல இருந்து இன்னொண்ணு. கழுதை கத்தறதை நீங்க கிட்ட இருந்து கேட்டிருக்கீங்களா? துருப்பிடிச்ச அடிபம்ப்பை ஆளு விட்டு அடிக்கிற மாதிரி இருக்கும். "வாஷர் போயிடுச்சு"ன்னு தூக்கத்துலயே சொன்னார் எங்க பம்ப் கம்பெனிக்காரர்.

மணல் கடற்கரைன்னு பாய் ரெண்டு கொண்டு போயிருந்தோம். ஊருக்குக் கிட்ட மணலே இல்லை. பாறையும் சிமெண்ட் திட்டும்தான். அதுல ஒரு ஏணி வெச்சிருப்பாங்க, அது வழியா நேரா ஆழத்துல இறங்கணும். நான் இறங்கலை. அவர் இறங்கினார். இறங்கினதை விட வேகமா ஏறிட்டார். இதைப் பத்தி இதுக்கு மேல எழுதக் கூடாதுன்னு ஒப்பந்தம்.

சாப்பாட்டு விஷயத்துல ஒரு அநியாயத்தைச் சொல்லியே ஆகணும். மெனுவுல 'ஃபாவா'ன்னு இருந்தது. சைவம்னு சொன்னாங்க, வாங்கினோம். அழகான தட்டுல, மஞ்சளா, மேல ஆலிவ் எண்ணெய் விட்டு, வெங்காயம் தூவி வந்தது. இவர் ஒரு வாய் வெச்சார். நானும் வெச்சேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பருப்புக் கடைசல்! சீரகமும் பூண்டும் தாளிக்காத பருப்புக் கடைசல்! ஒரு கிலோ துவரம்பருப்பைக் கழுதை மேல ஏத்தி மேல வெச்சுட்டு, கீழ வந்து யூரோவுல அதையே வாங்கித் தின்னுட்டிருக்கோம். ஆனா அந்த ஊர் பாதாம் இனிப்பு, அமிக்தலோட்டா, மாவுச் சர்க்கரையில புரட்டி, பன்னீர் வாசத்தோட இருக்குமே, அதுக்கு மட்டும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். டப்பா டப்பாவா வாங்கினேன்.

ஷீட் நாலு நாள் தாக்குப் பிடிச்சது. சும்மா இருத்தலுக்கு அலாரம் அடிக்கும், ஓடிப் போய் உக்காருவோம். அலாரம் அடிக்கும், எழுந்துக்குவோம். மத்தியானம் கடைங்க பாதி மூடி ஊரே தூங்கற நேரத்துல, 'தெருக்களில் நிதானமாக நடத்தல்'னு எழுதினதுக்காக நாங்க ரெண்டு பேர் மட்டும் வெயில்ல படி ஏறி இறங்கிட்டிருப்போம். ஒரு பாட்டி வாசல்ல நின்னு எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கிட்டாங்க.

கிளம்ப வேண்டிய நாள் காலையில காத்து பிடிச்சுக்கிச்சு. கதவெல்லாம் படபடன்னு அடிக்குது, துறைமுகத்துப் படகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டுது. கீழ போனா டிக்கெட் கவுண்டர்ல, இன்னிக்குப் பறக்கும் படகு எதுவும் கிடையாது, கடலோரக் காவல்படை தடை போட்டிருக்குன்னாங்க. எப்போ போகும்? தோளைக் குலுக்கினாங்க. "நாளைக்கு, ஒருவேளை." ஏதென்ஸ்ல மலை மேல இருக்கிற பழங்காலக் கோயில் இடம் அக்ரோபோலிஸ், அதுக்கு நேரம் குறிச்சு தலைக்கு 30 யூரோ கட்டி வாங்கின டிக்கெட் அவர் போன்லயே இருந்தது. போன காசு போனதுதான். விமானத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளைத்தான் அவர் பஃபர்னு வெச்சிருந்தார். அந்தப் பெருமையையும் அவர்கிட்ட இருந்து பிடுங்க எனக்கு மனசு வரலை.

வீட்டுக்காரம்மா இன்னொரு ராத்திரி தங்கிக்கச் சொன்னாங்க. பெட்டி மேல ஏறலை, மணிக்கூண்டு பக்கத்துக் காபிக் கடையிலயே விட்டுட்டோம். இவர் லேப்டாப்பைத் திறந்து, புது வரி ஒண்ணு சேர்த்து, நாள் 7ன்னு அடிச்சார். அப்புறம் என்ன எழுதறதுன்னு தெரியாம கர்சர் துடிக்கிறதையே பார்த்துட்டிருந்தார். பேட்டரியும் தீர்ந்துடுச்சு. சார்ஜர் பெட்டிக்குள்ள, குக்கருக்கு அடியில.

சாயங்காலம் வரைக்கும் அந்தக் கல் பெஞ்சுலயே உக்காந்திருந்தோம். எதிர்ல வேலை இல்லாத கழுதைங்க வரிசையா நின்னுட்டிருந்தது. மாமியார் வீடியோ கால் பண்ணினாங்க.

"என்ன சாமி பண்றே?"

"சும்மா உக்காந்திருக்கேம்மா."

"அதான் அப்பவே சொன்னேனே, கயித்துக் கட்டல்... அட, அதென்ன சாமி பின்னால?"

இவர் போனைத் திருப்பிக் கழுதையைக் காட்டினார். அந்தப் பக்கம் மாமியார் முகம் மாறுச்சு. நம்ம ஊர்க் கடையில 'என்னைப் பார் யோகம் வரும்'னு மாட்டியிருப்பாங்களே, அந்தக் கழுதைப் படத்துக்கு முன்னால நிக்கிற மாதிரியே நின்னுட்டாங்க.

"அசலா சாமி? ஒண்ணு, ரெண்டு... ஆறு இருக்குதா? ஏங்கண்ணு, அந்தப் போனை இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு. உங்க மாமனாரையும் கூப்புடறேன், ரெண்டு பேரும் நல்லாப் பார்த்துக்கறோம்."