சவிதாவுக்கு நடந்தது

கருக்கலைப்புச் சட்டம் பற்றி எங்கே வாதம் நடந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சவிதா ஹலப்பனவார்தான். 2012 அக்டோபர், அயர்லாந்து. 17 வாரக் கர்ப்பம். கரு தங்காது என்று மருத்துவர்களுக்கே தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் இன்னும் துடிக்கிறது என்று மறுத்தார்கள். தொற்று ரத்தத்தில் பரவி, 31 வயதில் இறந்துபோனார். அவரே ஒரு பல் மருத்துவர்.

அயர்லாந்தில் அப்போது கருக்கலைப்புக்குத் தடை. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கலைக்கலாம் என்று அதிலும் விலக்கு இருந்தது. ஆனால் எவ்வளவு ஆபத்து வந்தால் போதும்? காய்ச்சல் வந்தாலா, நினைவு தப்பினாலா? அது தெளிவாக இல்லை. தண்டனைக்குப் பயந்து மருத்துவர்கள் தயங்கும் நேரத்தில் தொற்று முற்றிவிடுகிறது. கருவையும் உயிராக நினைப்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. "விலக்குதான் இருக்கிறதே" என்று அவர்கள் சொல்லும்போதுதான் மனம் கொதிக்கிறது.

1983-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த அந்தத் தடையை 2018 வாக்கெடுப்பில் 66.4 சதவீத வாக்குகளுடன் அயர்லாந்து மக்கள் நீக்கினார்கள். அப்பாடா என்றிருந்தது. நான்கே ஆண்டுகளில், 2022 ஜூனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973 முதல் இருந்த கருக்கலைப்பு உரிமையைப் பறித்தது. இப்போது அங்கே பல மாநிலங்களில் அதே தெளிவில்லாத விலக்கு, அதே தயக்கம்.