டலா குளமும் வடக்கே உருகும் பனியும்

ரங்கூனில் சித்திரைப் பிறப்பும் பர்மியர்களின் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் ஒட்டி ஒட்டித்தான் வரும். கொரோனாவுக்கு முந்தைய வருடம் நான் அங்கே இருந்தபோது, தெருவுக்குத் தெரு மேடை போட்டு, ரப்பர் குழாய் வைத்து, போகிற வருகிறவர்கள் மேலெல்லாம் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். காளியம்மன் கோயிலுக்குப் புதுவேட்டியோடு கிளம்பிய நம்மவர்களும் சொட்டச் சொட்டத்தான் உள்ளே நுழைந்தார்கள். யாருக்கும் கோபமில்லை. பழைய வருடத்து அழுக்கு போகிறது என்று கணக்கு.

"இந்த ஊருல தண்ணிக்குக் குறையே இல்ல போலிருக்கே அக்கா?" என்று நான் தங்கியிருந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "நாளைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன், டலாவுக்கு. கூட வாங்க தம்பி, பார்ப்பீங்க."

ரங்கூன் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது டலா. பான்சோடான் படகுத்துறையில் ஏறினால் காடை முட்டையும் தர்ப்பூசணிக் கீற்றும் விற்பவர்கள் ஒரு சுற்று வந்து முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடுகிறது. ஜப்பான் கொடுத்த படகுகள் அவை. இக்கரையில் அடுக்குமாடிகள், அக்கரையில் மூங்கில் வீடுகள். ஐராவதி கப்பல் கம்பெனியின் பட்டறை ஒரு காலத்தில் டலாவில்தான் இருந்தது.

அம்மாவின் வீட்டில் முதலில் கண்ணில் பட்டது வாசலில் வரிசையாக இருந்த மண்சாடிகள். மூன்று சாடி, மூன்று விதத் தண்ணீர். ஒன்று கழுவ, ஒன்று சமைக்க, ஓரமாகத் தட்டு போட்டு மூடியிருந்த சின்னது குடிக்க. அவர் ஒரு படிகாரக் கட்டியை எடுத்து, நடுச்சாடிக்குள் முழங்கை வரை விட்டு நிதானமாக நாலு சுற்றுச் சுற்றினார். கலங்கல் மெல்லத் திரண்டு இறங்கியது. கை நனைந்த நீரையும் கீழே உதறாமல் சாடியின் விளிம்பிலேயே வழித்துவிட்டார். நேற்று ரங்கூன் தெருவில் பார்த்த குழாய்கள் ஞாபகத்துக்கு வந்தன, நான் ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் குளத்துக்குப் போனோம். மழைநீர் பிடிக்கும் ஊர்க்குளம். ஆடுமாடு இறங்காதபடி வேலி, தண்ணீர் வரை நீளும் பலகைப் பாலம். கோடையில் குறிப்பிட்ட கொஞ்ச நேரம்தான் திறப்பார்கள். அதுவும் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு. இரண்டு பக்கமும் தகர டின் தொங்கும் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். தளும்பிச் சிந்தாமல் இருக்க டின்னுக்குள் ஒரு இலையை மிதக்கவிட்டிருந்தாள் ஒரு சிறுமி. வரிசையில் சண்டை இல்லை. ஒரு தமிழ்ப் பாட்டி பர்மிய மொழியில் யாரையோ வைதார், அவர்கள் தமிழில் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆறு கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் ரங்கூன் ஆறு கடல் ஏற்றத்தோடு மூச்சுவிடுகிற ஆறு. கோடையில் மேலிருந்து வரத்து குறைந்ததும் உப்பு ஏறிவிடும். கிணறு தோண்டினாலும் பல இடங்களில் அதே கதை. 2008இல் நர்கீஸ் புயலின்போது கடல் நேராகவே உள்ளே வந்து, ஐராவதிக் கழிமுகத்தில் எத்தனையோ குடிநீர்க் குளங்களைக் கெடுத்துவிட்டுப் போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், ரங்கூனில் வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாம் மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ரங்கூன் நகரத்துக்கு 1904இலேயே லோகா ஏரியைக் கட்டிக் கொடுத்தார்கள் வெள்ளைக்காரர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டலாவோ குளத்தை நம்பியே கிடந்தது.

இரவு அம்மாவின் தம்பி வந்தார். மண்டலே, பாமோ என்று சரக்குப் படகுகளில் காலம் கழித்தவர். கோடையில் ஐராவதியில் மணல்திட்டு இன்று இங்கே இருக்கும், அடுத்த முறை வேறெங்கோ. அதனால் படகின் முனையில் ஒருவன் நின்று, வர்ணக்கோடு போட்ட மூங்கிலை ஆற்றில் குத்திக் குத்தி ஆழத்தைக் கூவிக்கொண்டே வருவானாம். "எதிர்ல வர்ற படகுக்காரன் பகையாளியா இருந்தாலும் ஆழத்தை மட்டும் சொல்லிட்டுத்தான் போவான் தம்பி. இல்லேன்னா ரெண்டு பேரும் தரை தட்டணும்."

எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. நேபாளத்தில் யாலா பனியாற்றை அளப்பவர்களும் மூங்கிலைத்தான் நம்புகிறார்கள். பனியில் துளை போட்டு மூங்கிலை இறக்கிவிட்டு, அடுத்த முறை போகும்போது எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். நீட்டிய அளவு பனி போயிற்று என்று அர்த்தம். 1970களிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்ட யாலாவுக்கு 2025 மே மாதம் மலையேறிப் போய் நினைவுக்கல் வைத்தார்கள். அந்த அளவெடுப்பில் பங்குள்ள இசிமோட் என்கிற மலை ஆய்வு மையம் 1983 முதல் காட்மாண்டுவில் இயங்குகிறது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், சீனா, அப்புறம் பர்மா, இந்த எட்டும் உறுப்பு நாடுகள். ஒரே மேசையில் இந்த எட்டுப் பேரை உட்காரவைப்பதே பெரிய காரியம். இந்து குஷ், இமயமலைப் பகுதியின் பனியாறுகள் 2011க்குப் பிறகான பத்தாண்டில், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்று 2023இல் கணக்குச் சொன்னது இந்த மையம்தான்.

பர்மாவுக்கும் பனிமலை உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வடகோடியில் 5,881 மீட்டர் உயரத்தில் காகபோ ராசி. 1996இல்தான் அதன் உச்சியில் முதல் முறை மனிதக் கால் பட்டது. அந்தப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் மாலிக்காவும் நிமாய்க்காவும் மிச்சீனாவுக்கு வடக்கே கூடி ஐராவதி ஆகின்றன. ஆனாலும் பனி உருகினால் ஐராவதி வற்றிவிடும் என்று எழுதுவது மிகை. சிந்து நதி மாதிரி அல்ல இது. ஐராவதிக்குச் சோறு போடுவது பருவமழை. சால்வின் ஆற்றுக்குத்தான் திபெத்துப் பனியோடு நெருங்கிய உறவு. சீனாவில் பிறந்து மோல்மேன் தமிழர்களின் வாசல் வழியாகக் கடலுக்குப் போகும் அந்த ஆற்றுக்கு, கரையோர நாடுகள் மூன்றும் சேர்ந்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

அளப்பதைவிடக் கடினம், அளந்ததைச் சொல்வது. பிரம்மபுத்திராவின் வெள்ளக்கால நீர்மட்டத்தைச் சீனா இந்தியாவுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு 2002இலேயே வந்தது. 2017இல் டோக்லாம் எல்லையில் இரு படைகளும் முறைத்துக்கொண்ட வருடம் அந்தத் தகவல் வரவில்லை. மறு வருடம் மீண்டும் வந்தது. படகுக்கார மாமாவின் கூட்டாளிகள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அச்சில் ஏற்ற முடியாது.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் டலா போனால் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான், ஒன்றும் புரியாது. ஏப்ரலில் போங்கள். படகுத்துறையில் இறங்கியதும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் சூழ்ந்துகொள்வார்கள், வாடகையை ஏறுமுன் பேசிவிடுங்கள். குடிநீரை ரங்கூனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். யார் வீட்டுக்காவது போனால் தண்ணீர் வேண்டாம் என்று மறுக்க முடியாது, மனசு சங்கடப்படுவார்கள். பாதி டம்ளர் கேளுங்கள்.