மம்மி மாஸ்டரும் முதல் ராசாக்களும்

எங்கள் சரித்திர மாஸ்டர் காலமான செய்தி பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் விழுந்த முதல் கேள்வி, "ஆர், மம்மி மாஸ்டரோ?" என்பதுதான். சொந்தப் பெயரைச் சொன்னால் எங்களில் பாதிப் பேருக்கு ஆள் பிடிபடாது. அவருடைய நினைவு மலர்க்குழு இனிமையான நினைவுகள் கேட்டிருக்கிறது. இது முழுக்க இனிமையானதல்ல.

பட்டம் வந்த கதை எழுபதுகளில் படித்தவர்களுக்குத் தெரியும். கிறிஸ்தோபர் லீ நடித்த 1959ஆம் ஆண்டு மம்மி படம் பட்டணத்தில் மறுபடி ஓடியது. கலரியில் பார்த்துவிட்டு வந்த கூட்டம், நாடகத்துக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியை மணி அடிக்க முன் என் உடம்பில் சுற்றியது. நான் கையை நீட்டிக்கொண்டு வாசலுக்குப் போனால் எதிரே மாஸ்டர்.

அடி விழும் என்று பார்த்தேன். "அவிழ்க்க வேண்டாம். இப்பிடியே மேசைக்குப் பக்கத்தில நில்லும்" என்றார். பாடம் முடியும்வரை நின்றேன். பிரம்பு நுனி என் மூக்கைத் தொட்டது: மூளையை இந்த வழியாக எடுப்பார்களாம், "இவரிட்டை அந்த வேலை மிச்சம்." பிறகு இடது விலா: இங்கே கீறிக் குடலையும் ஈரலையும் நுரையீரலையும் எடுத்து, இதயத்தை மட்டும் உள்ளே விட்டு, நேற்றன் உப்பில் காய வைப்பார்கள். பின்வாங்கிலிருந்து வந்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. இப்போது மெல்பேணில் டாக்டராக இருக்கிற ஒருவருடையதுதான் மிகப் பெரிய சிரிப்பு.

அப்புறம்தான் அன்றைய பாடமே தொடங்கியது. "இதெல்லாம் பிற்காலத்து வித்தை. நீங்கள் பார்த்தது பேயை. நான் படிப்பிக்கிறது ராசாவை." எகிப்தின் முதல் வம்சத்து நார்மர், கி.மு. 3100 அளவில், அவருடைய கற்பலகையின் ஒரு பக்கம் தெற்கின் வெள்ளை முடி, மறுபக்கம் வடக்கின் சிவப்பு முடி. அந்த முதல் வம்சத்து ராசாக்களில் ஒருவருடைய முழு உடல்கூடக் கிடைக்கவில்லை. அபிடோஸில் ஜேர் மன்னனின் கல்லறையில் தொல்லியலாளர் பெட்ரிக்கு அகப்பட்டது துணி சுற்றிய ஒரு கை, வளையல்களோடு. கெய்ரோ அருங்காட்சியகத்தில் வளையலை வைத்துக்கொண்டு கையை எறிந்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது மாஸ்டருக்குக் குரல் உயரும், தன் வீட்டில் களவு போனதுபோல.

அதே கல்லறையைச் சுற்றி 300க்கு மேற்பட்ட சிறு குழிகள். ராசாவுக்குத் துணையாகக் கொல்லப்பட்டவர்கள் என்றுதான் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். "படத்தில பிரேதம் எழும்பி ஆளைக் கொல்லுது. இங்கை பிரேதத்துக்காக ஆக்களைக் கொல்லுறாங்கள். எது பயம்?" வகுப்பு அடங்கிப்போனது. துணிக்குள் எனக்கு வேர்த்தது.

இம்ஹோதெப் விஷயத்தில் அவருக்குத் தீராத கோபம். சக்காராவின் படிப் பிரமிட்டை ஜோசர் மன்னனுக்காகக் கட்டியவர் என்று போற்றப்படுபவர், பின்னாளில் மருத்துவக் கடவுளாகக் கும்பிடப்பட்டவர். 1932இல் ஹொலிவூட் அந்தப் பெயரை போரிஸ் கார்லோஃபின் பேய்க்கு வைத்தது. 1999இல் வந்த படத்திலும் அதே பெயர்தான். பேரப்பிள்ளைகள் அதைப் போட்டால் எனக்கு மாஸ்டரின் கோபம் வருகிறது. அவர்கள் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லுகிறார்கள்.

நான் லண்டன் வந்த பிறகு அவரிடமிருந்து ஒரு ஏரோகிராம் வந்தது. சுகம் விசாரிப்பு ஒரு வரி. மிச்சமெல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற, அதே முதல் வம்சத்து டென் மன்னனின் தகட்டைப் பற்றி: பார்த்தீரா, எவ்வளவு பெரிது, பின்பக்கம் என்ன? நான் அப்போது இரவு முழுக்க பெற்றோல் செட்டில் நின்றேன். இலவசமாக நுழையக்கூடிய அந்தக் கட்டடத்துக்குள் போவதற்குள் ஊரில் சண்டை தொடங்கிவிட்டது, முகவரிகள் மாறிவிட்டன.

தீப்பெட்டி அளவுதான் இருக்கும், மாஸ்டர். தந்தம். முன்பக்கம் டென் ஒருவனை மண்டையில் அடிக்கக் கை ஓங்குகிறான். கிழக்கை முதல் தடவை அடித்தது என்று எழுதியிருக்கிறது. பின்பக்கம் ஒரு சோடி செருப்பு. ராசாவின் செருப்பில் கட்டிய அடையாளத் தகடாம். நீங்கள் கரும்பலகையில் பெரிதாகக் கீறியதால் சுவரளவு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இந்த வீட்டிலிருந்து அங்கே போக ஒரு ரயில் போதும். ஊரில் இருந்த உங்களுக்குத்தான் அது தேவைப்பட்டது.

என் சரித்திரக் கொப்பிகள் 95 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டன. அவர் கலர் சோக்கால் கீறிய நைல் நதிப் படத்தை யாராவது பார்த்துக் கீறி வைத்திருந்தால், ஸ்கான் செய்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். மெல்பேண் டாக்டர் முதலில் தேடட்டும்.